நான்காம் படுக்கைக்காரன்

ஜூன் 12

இடமாற்றக் கடிதத்தை இன்று கண்காணிப்பாளர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு வருடம் ஆயிற்று, தடுப்பூசிப் பிரிவுக்கு மாற்றுங்கள் என்று இரண்டே வரி. காரணம் கேட்ட இடத்தில் 'முழங்கால் வலி' என்று எழுதினேன். பொய்யில்லை. வலிக்கத்தான் செய்கிறது.

திரும்பி வந்து செருப்பை மாற்றுவதற்குள் ஒரு பையனைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். பெயர் வேல்துரை, வயது எட்டு, உப்பளத்து ஊர். இரண்டு வாரத்துக்கு முன் வயிற்றுப்போக்கு. நான்கு நாளுக்கு முன் கால் விழுந்தது, அப்புறம் கை, இன்று காலையில் மூச்சு. உடம்பே தன் நரம்புகளின் உறையை அரித்துவிடும் நோய் என்றார் டாக்டர் மீரான். மூளைக்கு ஒன்றும் ஆகாது, நரம்பு தானாகத் தேறும், அதுவரைக்கும் மூச்சை நாம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். அந்த 'அவ்வளவுதான்' எத்தனை வாரம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான்காம் படுக்கை மட்டும்தான் காலி. வேறு இடம் பார்க்கலாமே என்றேன். இல்லை என்றார்கள். சட்டை, கயிறு, தாயத்து எல்லாம் எடுத்து, குழாய் இறக்கி, வெண்டிலேட்டரில் போட இருபது நிமிடம். எல்லாரும் என் வேகத்தைப் பாராட்டினார்கள்.

ஜூன் 13

பெற்றவர்களுக்கு மாலை நான்கு மணிக்குப் பதினைந்து நிமிடம் அனுமதி. அப்பா லிங்கதுரை மட்டும் வந்தார். உப்பு லாரி ஓட்டுகிறவர். மகனைப் பார்க்காமல் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார். அம்மா வரவில்லை. நேற்றும் வரவில்லை. வெளிவாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாளாம். பெயர் சந்தனமாரி.

எத்தனையோ தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடியில் முட்டிக்கொண்டு அழுகிறவர்கள், என் காலில் விழுகிறவர்கள், என்னைத் திட்டுகிறவர்கள். ஐம்பது அடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு உள்ளே எட்டியும் பார்க்காதவளை இப்போதுதான் பார்க்கிறேன். என்ன மனசோ.

இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் போட்டோம். கண்ணுக்கு மருந்து தடவினோம். முதுகு புண்ணாகவில்லை.

ஜூன் 14

மயக்க மருந்தைக் குறைத்திருக்கிறார்கள். பதினொரு மணிக்கு அவன் இமையை விரலால் தூக்கிவிட்டுச் சொன்னேன்: "அய்யா, என் பேரு ஜெபக்கனி. நான் சொல்லுறது கேட்டுச்சுன்னா மேல பாரு."

பார்த்தான். கண்மணி இரண்டும் மெதுவாக மேலே போயின.

வலிக்கிறதா என்றேன், வலிக்கவில்லை என்றால் கீழே பார்க்கச் சொன்னேன். கீழே பார்த்தான். பயமாக இருக்கிறதா? மேலே. உடம்பு முழுக்கக் கல்லாகிப்போய், வாயில் குழாயோடு, அத்தனையும் கேட்டுக்கொண்டு உள்ளே விழித்துக் கிடக்கிறான் பையன். மூன்றாம் படுக்கைக்கு மருந்து கொடுக்கும்போதும் அவனையே திரும்பித் திரும்பிப் பார்த்தேன். சந்தோஷத்தில்தான்.

நான்கு மணிக்கு லிங்கதுரையிடம் காட்டினேன். கண்ணு தானா உருளுது சிஸ்டர் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஜூன் 15

இதை எழுதாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

காலையில் லிங்கதுரை வந்து, கையெழுத்துப் போட்டுப் பையனை ஊருக்குக் கொண்டுபோகிறோம் என்றார். இயந்திரத்தை எடுத்தால் ஐந்து நிமிடம்கூடத் தாங்க மாட்டான் என்று டாக்டர் மீரான் விளக்கினார். படம் போட்டுக் காட்டினார். லிங்கதுரை எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"அவன் அன்னைக்கே போயிட்டான்னு அவ சொல்லுதா. மிசினு சும்மா நெஞ்ச ஆட்டுதாம். இல்லன்னா நீங்க ஏன் சிஸ்டர் அரைஞாண அறுத்தீய?"

பன்னிரண்டாம் தேதி 'கயிறு, தாயத்து எல்லாம் எடுத்து' என்று எழுதியிருக்கிறேன். எடுக்கவில்லை. கத்தரியால் இடுப்புக் கயிற்றை வெட்டித் தட்டில் போட்டேன். கதவு திறந்திருந்தது. வாசலில் ஒரு பெண் நின்றதை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள்தான்.

தெரியாமல் செய்திருந்தால் பரவாயில்லை. நானும் இந்தச் சீமைக்காரிதான். புதுக்கயிறு கட்டாமல் பழசை அவிழ்க்க மாட்டார்கள். கட்டாமல் அறுப்பது ஒரே ஒரு சமயத்தில்தான், செத்தவரைக் குளிப்பாட்டித் தூக்குவதற்கு முன். என் அப்பாவுக்கு அறுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். தேவாலயத்துக்குப் போகிற வீடுதான், ஆனாலும் அறுத்தார்கள். அன்றைக்கு அவசரம், சிறுநீர் டியூப் போட வேண்டும், கயிறு குறுக்கே கிடந்தது. எல்லாம் சரி. 'அம்மா, இதுக்காகத்தான் வெட்டுறேன்' என்று ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? மூன்று நாளாக அவளைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நாளை நான்கு மணி வரை பொறுங்கள் என்று டாக்டர் கேட்டு வாங்கியிருக்கிறார்.

ஜூன் 16

காலை எட்டு மணிக்கே மரத்தடிக்குப் போனேன். சந்தனமாரிக்கு முப்பது வயதுகூட இருக்காது. உப்பில் வெடித்த பாதம். பக்கத்தில் உட்கார்ந்து, நான்தான் அறுத்தேன், தப்பு என்னுடையது, உன் மகன் உயிரோடு இருக்கிறான், பேசினால் பதில் சொல்கிறான் என்றேன். அவள் தரையைப் பார்த்தபடியே இருந்தாள். உனக்கும் அவனுக்கும் மட்டும் தெரிந்த ஒன்றைச் சொல், போய்க் கேட்டு வருகிறேன் என்றேன்.

அப்போதுதான் சொன்னாள். பள்ளிக்கூடம் போக மாட்டேன், கால் குறுகுறுங்கிறது என்று அவன் அழுத அன்றைக்கு, சும்மா நடிக்கிறான் என்று அவனை அடித்தாளாம். "கையால அடிச்சனா, வெளக்கமாத்தால அடிச்சனான்னு கேட்டுட்டு வாங்க."

அவள் ஏன் உள்ளே வரவில்லை என்பதில் மிச்சப் பாதியும் அப்போது எனக்குப் புரிந்தது.

மாடிக்கு ஓடினேன். முழங்கால் வலி எங்கே போயிற்றோ. இமையைத் தூக்கிவிட்டு, அம்மா கையால் அடித்தாளா என்றேன். கீழே பார்த்தான். விளக்குமாற்றாலா? கீழே. திரும்பவும் முதலிலிருந்து கேட்டேன். இரண்டுக்கும் கீழே. எனக்கு உயிரே போய்விட்டது. லிங்கதுரை சொன்னதுபோலக் கண் தானாகத்தான் உருளுகிறதோ என்று நானே ஒரு நிமிடம் நினைத்தேன்.

பொய் சொல்லிவிடலாமா என்றுகூடப் படியில் இறங்கும்போது தோன்றியது. ஏதாவது ஒன்றைச் சொன்னால் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறதே. ஆனால் ஏற்கெனவே ஒருமுறை அவளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டவள் நான். நடந்ததை அப்படியே சொன்னேன், இரண்டுக்கும் இல்லை என்கிறான் என்று.

சந்தனமாரி எழுந்துவிட்டாள்.

"தோசக் கரண்டியால அடிச்சேன் சிஸ்டர். கரண்டியாலதான் அடிச்சேன்."

அவளுக்கு முன்னால் நான் போக முடியவில்லை. அனுமதி நேரம் ஆகவில்லை என்று காவலாளி கையை நீட்டினார், அவள் அந்தக் கைக்குக் கீழே குனிந்து போய்விட்டாள். நான்காம் படுக்கையருகில் நின்று, "ஏ அய்யா, எம்மேல கோவமா?" என்று கேட்டாள். நான் இமையைத் தூக்கிப் பிடித்திருந்தேன். கீழே பார்த்தான், ஒருதரம் இல்லை, நான்கைந்து தரம்.

கையெழுத்துப் போடும் பேச்சு அதோடு போயிற்று.

ஜூன் 17

லிங்கதுரை புதுக் கறுப்புக் கயிறு வாங்கி வந்தார். அவரையே கட்டச் சொன்னேன். டியூபுக்கு மேலே தளர்வாகக் கட்டினோம். மேட்ரன் குளோரி அம்மா வந்து பார்த்து, தொற்று வரும், யார் பொறுப்பு என்றார்கள். என் பேரை எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

ஜூன் 21

சந்தனமாரி காலையிலிருந்து மாலை வரை உள்ளே இருக்கலாம் என்று டாக்டர் மீரான் எழுதிக் கொடுத்துவிட்டார். மேட்ரன் அம்மா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. மூட்டுகள் இறுகிவிடாமல் கை கால்களை மடக்கி நீட்டுவது எப்படி என்று சந்தனமாரிக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஒருமுறைதான் காட்டினேன். உப்பு வாரிய கை, அவன் காலை முட்டையைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கிறது. ஊர்க்கதை முழுவதும் அவனிடம் சொல்கிறாள். மூன்றாம் படுக்கைக் குழந்தையின் அம்மா கண்ணாடிக்கு வெளியே நின்று இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளையும் உள்ளே கூப்பிட்டேன். வருவது வரட்டும்.

ஜூன் 27

வாயில் இருந்த குழாயை எடுத்துவிட்டுத் தொண்டையில் சிறு துளை போட்டு அங்கே மாற்றினார்கள். இரண்டு வாரத்துக்குப் பிறகு அவன் வாயைப் பார்த்தோம். முன்பல் ஒன்று பாதி முளைத்திருக்கிறது. படுத்த படுக்கையிலும் பல் முளைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

ஜூலை 1

தடுப்பூசிப் பிரிவுக்கு ஆணை வந்தது. வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்துப் போட நேரமில்லை.

ஜூலை 3

நேரமில்லை.

ஜூலை 9

"சிஸ்டர், தோள அசைக்கான்" என்றாள் சந்தனமாரி. இயந்திரம் நெஞ்சை ஏற்றும்போது அப்படித் தெரியும் என்றேன். இல்லை என்றாள். டாக்டர் பார்த்தார், அவரும் இல்லை என்றார். அவள் விடவில்லை. அவன் காதில், "ஏ அய்யா, இவிய யாரும் நம்ப மாட்டங்காவ. காட்டு" என்றாள்.

இடது தோள் ஏறி இறங்கியது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டு பார்த்தார். பெற்றவள் கண்ணுக்குத் தெரிந்தது படித்த எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. எனக்கு இதில் கொஞ்சமும் வருத்தமில்லை.

ஜூலை 16

இயந்திரத்தைக் கழற்றி, தானாக மூச்சு விடுகிறானா என்று பார்த்தோம். மூன்று நிமிடம் விட்டான்! ஆச்சரியக்குறி போடுகிற பழக்கம் எனக்கு இல்லை, இன்றைக்கு மட்டும்.

ஜூலை 18

பதினொரு நிமிடம்.

ஜூலை 20

காய்ச்சல் நூற்று மூன்று. வலது நுரையீரலில் சளி கட்டிவிட்டது. முழு இயந்திரத்துக்கே திரும்பிப் போயிற்று.

ஜூலை 22

காய்ச்சல் இறங்கவில்லை. ஆக்சிஜன் அளவு ஏற்றம் இறக்கமாக இருக்கிறது. இன்று என் முறை இரண்டு மணிக்கு முடிந்தது. ஆறு மணிக்குத்தான் வீட்டுக்கு வந்தேன். சோறு வடிக்கவில்லை, வீட்டுக்காரரே தோசை வாங்கி வந்தார்.

மார்ச்சில் நான்காம் படுக்கையில் இருந்த பிள்ளைக்கு ஆறு வயது. இதேபோல் நிமோனியா. பிழைத்துவிடுவாள், பயப்படாதே என்று அவள் அம்மாவிடம் நான் மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் நம்பித்தான் சொன்னேன். அந்த அம்மா கடைசியில் என்னைத் திட்டவில்லை. ஏன் சொன்னீங்க என்று மட்டும் கேட்டாள். எனக்கு முழங்கால் வலி அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

இன்று மதியம் சந்தனமாரி என் கையைப் பிடித்துக்கொண்டு, பிழைப்பானா சிஸ்டர் என்றாள். தெரியாது என்றேன். ஆறு வருடத்தில் ஒரு தாயிடம் இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. என்ன செய்ய வேண்டுமோ ஒன்றுவிடாமல் செய்வோம், நான் எங்கேயும் போக மாட்டேன், இங்கேதான் இருப்பேன் என்றேன். அவள் அழவில்லை. "அது போதும், சொல்லுங்க, இப்ப என்ன செய்யணும்?" என்றாள். முதுகில் எப்படித் தட்டினால் சளி இளகும் என்று காட்டினேன். கையைக் குழித்து, கீழிருந்து மேலே. தட்ட ஆரம்பித்துவிட்டாள்.

ஜூலை 23

தட்டினோம். உறிஞ்சி எடுத்தோம். புரட்டினோம். தட்டினோம்.

ஜூலை 24

அதேதான். மேட்ரன் அம்மா வந்தார்கள். திட்டத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். கையுறை போட்டுக்கொண்டு, நீ போய்ச் சாப்பிட்டுவிட்டு வா என்று சந்தனமாரியை அனுப்பிவிட்டு அவர்களே தட்டினார்கள். முப்பது வருடத்துக்கு முன்னால் கற்றுக்கொண்ட கை. எங்கள் எல்லாரையும்விட நன்றாகத் தட்டுகிறது.

ஜூலை 26

காய்ச்சல் இல்லை. காலையிலிருந்து இல்லை. நான்கு முறை பார்த்துவிட்டேன்.

ஆகஸ்ட் 4

தானாக ஒரு மணி நேரம். முகத்தில் அசைவு கொஞ்சம் திரும்பியிருக்கிறது, அதனால் கோபமும் திரும்பியிருக்கிறது. மறுபடி இயந்திரத்தை மாட்டப் போனால் முறைக்கிறான். இன்னும் ஐந்து நிமிடம் வேண்டுமா என்றேன், மேலே பார்த்தான். கொடுத்தேன். டாக்டரிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 11

விடிந்ததிலிருந்து சாயந்திரம் வரை அவன் மூச்சு மட்டும்தான்.

ஆகஸ்ட் 14

இன்று காலை பத்தே காலுக்கு வெண்டிலேட்டரை நான்காம் படுக்கையிலிருந்து நகர்த்தினோம். அறுபத்து மூன்று நாள். சக்கரம் ஒன்று இறுகிக் கிடந்தது, நானும் டாக்டர் மீரானும் சேர்ந்து தள்ளினோம். படுக்கைக்குப் பக்கத்தில் காலியான இடத்தைச் சந்தனமாரி கையாலேயே துடைத்தாள். லிங்கதுரை வாசலில் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். யாரைக் கும்பிட்டார் என்று கேட்கவில்லை. எல்லாரும் எங்களையே கும்பிட்டதாக எடுத்துக்கொண்டோம்.

ஆகஸ்ட் 19

தொண்டைக் குழாயை மூடி, பேசிப் பார் என்றார்கள். என்ன சொல்லப்போகிறான் என்று சுற்றி நின்றோம். அம்மா என்பான் என்று எனக்குள் ஓர் எண்ணம். என்னைப் பார்த்துக் கரகரத்த குரலில் சொன்னான்:

"உங்க கை ஐஸு மாரி இருக்கு சிஸ்டர்."

இரண்டு மாதமாக அந்த ஏசி அறையில், இரண்டு மணிக்கு ஒருமுறை, குளிர்ந்த கையோடு அவனைத் தொட்டிருக்கிறேன். அவனால் சொல்ல முடியவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, கை கழுவும் இடத்துக்குப் போய் என் கையை என் கன்னத்திலேயே வைத்துப் பார்த்தேன். மதியத்திலிருந்து எந்தக் குழந்தையைத் தொடுவதற்கு முன்னும் உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்கிறேன். மற்ற சிஸ்டர்களும் தேய்க்கிறார்கள்.

ஆகஸ்ட் 30

பொது வார்டுக்கு மாற்றியாயிற்று. மேட்ரன் அம்மா இன்று பண்டகசாலைக்கு எழுதிய பட்டியலில், எங்கள் பிரிவின் எட்டுப் படுக்கைக்கும் எட்டு ஸ்டூல் கேட்டிருக்கிறார்கள். தாய்மார் உட்காருவதற்காம். இது அவர்களுடைய யோசனை என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறார்கள். அப்படியே இருக்கட்டும்.

செப்டம்பர் 6

வேல்துரை ஊருக்குப் போனான், சக்கர நாற்காலியில். இன்னும் நடக்கவில்லை. போவதற்கு முன் சந்தனமாரி எங்கள் பிரிவில் ஐந்தாம் படுக்கைக்குப் புதிதாக வந்த குழந்தையின் அம்மாவிடம் போய், "அதுக்குக் கேக்கும், பேசிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் சொல்லியிருந்தால் அந்தப் பெண் நம்பியிருக்க மாட்டாள்.

தடுப்பூசிப் பிரிவுக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்களாம். நல்லதுதான். அங்கே மத்தியான வெயில் நேராக முகத்தில் அடிக்கும்.

அக்டோபர் 18

பதினோரு மணிக்குக் கீழேயிருந்து காவலாளி கூப்பிட்டார், உங்க ஆள் வந்திருக்கான், படியைப் பாருங்க என்று.

பரிசோதனைக்கு வந்தவன் கீழேயே காட்டிவிட்டுப் போயிருக்கலாம். எங்கள் பிரிவுக்கு வர வேண்டும் என்று அடம் பிடித்தானாம். லிப்ட் ஓடவில்லை. லிங்கதுரை தூக்கப் போனதற்குக் கையைத் தட்டிவிட்டானாம். நான் படிக்கட்டின் உச்சியில் போய் நின்றபோது அவன் மூன்றாம் படியில் இருந்தான். மெலிந்த கால், புதுச் செருப்பு, கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றியிருந்தான். பின்னால் சந்தனமாரி, தொடாமல், இரண்டு கையையும் விரித்தபடி.

மொத்தம் இருபத்திரண்டு படி. பதினொன்றில் திருப்பம். அங்கே உட்கார்ந்துவிட்டான். நான் இறங்கப் போனேன்.

"வராதீய சிஸ்டர். அங்கனயே நில்லுங்க" என்றாள் சந்தனமாரி.

நின்றேன். ஓடிப் போய்ப் பிடிப்பதுதான் என் தொழில். நிற்பதுதான் கஷ்டமாக இருந்தது. அதற்குள் எனக்குப் பின்னால் டாக்டர் மீரான், மேட்ரன் அம்மா, துப்புரவு வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். அவன் எழுந்தான். பதினைந்தாம் படியில் வலது கால் நடுங்கியது. கையால் தொடையைப் பிடித்துத் தூக்கி அடுத்த படியில் வைத்தான். அப்படியே ஒவ்வொன்றாக ஏறி, கடைசிப் படியில் என் முன்னால் வந்து நின்றான்.

வாய் பிளந்திருந்தது. தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. சட்டை வேர்வையில் ஒட்டி, நெஞ்சு விலா எலும்போடு அடித்துக்கொண்டது. தொண்டையில் துளை இருந்த இடம் சிறு தழும்பாக அதனோடு ஏறி இறங்கியது. பழக்கதோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்து எண்ணிவிட்டேன். நிமிடத்துக்கு நாற்பது, ஒழுங்கே இல்லாமல். அறுபத்து மூன்று நாள் அந்த இயந்திரம் அவனுக்கு நிமிடத்துக்கு இருபது கொடுத்தது, ஒன்று கூடாமல் குறையாமல். இந்த நாற்பதும் யாரும் கொடுக்காதது. ஓடியாடுகிற எட்டு வயதுப் பிள்ளை ஒவ்வொன்றும் இப்படித்தான் மூச்சு வாங்கும். எனக்குக் கண்ணீர் மறைத்துவிட்டது.

"ஏன் சிஸ்டர் அழுதீய?" என்றான், மூச்சுக்கு மூச்சு நிறுத்தி. "எனக்கு மூச்சு எளைக்கி. அவ்வளவுதான்."

எளைக்கட்டும்யா என்றேன். நல்லா எளைக்கட்டும்.